சமரசப் பணத்தைச் சட்டமன்றம் தர மறுத்தது சரியா? டெக்ஸாஸ் வழக்கை வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். டெக்ஸாஸ் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனின் அலுவலகத்தில் மூத்த பதவிகளில் இருந்த நான்கு பேர், அவர்மேல் புகார் சொன்னதற்காக வேலையை இழந்தோம் என்று தொடுத்த வழக்கு 2023-ல் 33 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சட்டமன்றம் அந்தப் பணத்தைத் தரவில்லை. 2025-ல் நீதிமன்றம் அதே நால்வருக்கு 66 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. "வரிப்பணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி இரண்டு மடங்கு செலவு வைத்துவிட்டார்களே, சட்டமன்றத்துக்கு இதில் என்ன வேலை? சம்பந்தப்பட்டவர் தன் கைக்காசிலிருந்து ஏன் கட்டக் கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மறுக்க யாருக்கு அதிகாரம், மறுத்தது புத்திசாலித்தனமா, பணம் யார் பையிலிருந்து வர வேண்டும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. நடுவில் இருப்பதுதான் சிக்கல், அதனால் அதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

நான் டெக்ஸாஸ் வழக்கறிஞர் இல்லை. அமெரிக்காவில் வேறொரு மாநிலத்தில் ஒரு கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) அரசின் சட்டப் பிரிவில் 16 வருடம் வேலை பார்த்தேன். கவுன்டி மேல் வரும் வழக்குகளை எந்தத் தொகைக்கு முடிக்கலாம் என்று குறிப்பு எழுதி, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கதவை மூடிக்கொண்டு கூடும் கூட்டத்தில் விளக்குவது என் வேலையின் பெரும்பகுதி. கேட்டுவிட்டு அவர்கள் கை தூக்குவார்கள், அல்லது தூக்க மாட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதிகாரம். டெக்ஸாஸ் அரசியல் சாசனத்தின் எட்டாவது பிரிவில், சட்டத்தின் மூலம் குறிப்பாக ஒதுக்கப்படாத எந்தப் பணத்தையும் கருவூலத்திலிருந்து எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறது. அட்டர்னி ஜெனரல் மாநிலத்தின் வழக்கறிஞர். வழக்கை நடத்தலாம், சமரசம் பேசலாம், கையெழுத்தும் போடலாம். ஆனால் இவ்வளவு பெரிய தொகை என்றால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பணம் வருவது சட்டமன்றத்தின் கையில்தான். அதனால்தான் பாக்ஸ்டன் தரப்பும் நால்வரும் போட்ட ஒப்பந்தத்திலேயே, சட்டமன்றம் நிதி ஒதுக்கினால் மட்டுமே இது செல்லும் என்ற நிபந்தனை இருந்தது. சட்டமன்றம் யாருடைய ஒப்பந்தத்தையும் மீறவில்லை. அந்த ஒப்பந்தமே சட்டமன்றத்தின் சம்மதத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டதுதான். இன்னொரு விஷயத்தையும் நினைவில் வையுங்கள். டெக்ஸாஸ் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாள் கூடுகிறது. அந்த ஜன்னல் மூடிவிட்டால், சிறப்புக் கூட்டம் கூட்டினாலொழிய, அடுத்த ஜன்னல் திறக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும்.

இப்போது நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2020 இலையுதிர் காலத்தில் பாக்ஸ்டனின் மூத்த அதிகாரிகள் சிலர் எஃப்.பி.ஐ.யிடம் போனார்கள். பாக்ஸ்டன் தன் தேர்தல் நன்கொடையாளரான, ஆஸ்டினைச் சேர்ந்த ஒரு ரியல் எஸ்டேட் முதலீட்டாளருக்காகப் பதவியைத் தவறாகப் பயன்படுத்துகிறார், லஞ்சம் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன புகார். பாக்ஸ்டன் இதை ஆரம்பத்திலிருந்தே மறுத்து வருகிறார். கொஞ்ச நாளில் அவர்கள் வேலையை விட்டு விலகினார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள். அவர்களில் நால்வர், முறைகேட்டை வெளியே சொன்ன அரசு ஊழியரைப் பாதுகாக்கும் டெக்ஸாஸ் விசில்ப்ளோயர் சட்டத்தின்படி அந்த ஆண்டு நவம்பரில் வழக்குப் போட்டார்கள். அட்டர்னி ஜெனரல் அலுவலகம் எடுத்த வாதம், தேர்தலில் ஜெயித்து வந்த தலைவர் இந்தச் சட்டம் சொல்லும் அரசு ஊழியர் ஆகமாட்டார், அதனால் அவரைப் பற்றிய புகாருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்பது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விஷயம் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போய் நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கு செல்லுமா செல்லாதா என்ற ஆரம்பக் கேள்வியிலேயே இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அதுவரை ஆவணப் பரிமாற்றம் நடக்கவில்லை, பிரமாணத்தின் கீழ் யாரும் சாட்சி சொல்லவில்லை. இதற்கிடையில் 2022 நவம்பரில் பாக்ஸ்டன் மூன்றாவது முறையாகத் தேர்தலில் ஜெயித்தார். 2023 பிப்ரவரியில் சமரசம் அறிவிக்கப்பட்டது. 33 லட்சம் டாலர், தவறை ஒப்புக்கொள்ளாத ஒரு வாசகம், அவர்களைக் கட்டுக்கடங்காத ஊழியர்கள் என்று சொன்னதற்கு வருத்தம். வரிப்பணத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்றார் பாக்ஸ்டன்.

டெக்ஸாஸ் சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் அப்போதைய சபாநாயகர் டேட் ஃபீலன், பாக்ஸ்டனின் அதே குடியரசுக் கட்சிக்காரர். இது வரிப்பணத்தைச் செலவிடச் சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை, அவரே நிதிக் குழுவின் முன் வந்து இதற்கு நியாயம் சொல்லட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவையின் பொது விசாரணைக் குழு அந்த மார்ச்சில் சத்தமில்லாமல் வேலையை ஆரம்பித்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. 33 லட்சம் கேட்கிறீர்கள், எதற்காக? வழக்கில் சாட்சியமே பதிவாகவில்லை, அப்படியானால் இந்தத் தொகை எதை மூடுவதற்கு? மே 25 அன்று குழு 20 குற்றச்சாட்டுகளைப் பரிந்துரைத்தது. மே 27 அன்று அவை 121-க்கு 23 என்ற வாக்கில் பாக்ஸ்டனை இம்பீச் செய்தது, அதாவது பதவியிலிருந்து நீக்கக் கோரிக் குற்றம் சாட்டியது. ஆதரித்தவர்களில் 60 பேர் அவருடைய கட்சியினர். 1917-ல் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசனுக்குப் பிறகு மாநில அளவிலான ஒரு பதவியாளருக்கு இது நடந்தது அப்போதுதான். வரிப்பணத்தில் சமரசத் தொகை கேட்டிருக்காவிட்டால் இந்த நிலைமையே வந்திருக்காது என்று குழு தன் குறிப்பில் எழுதியது. குற்றச்சாட்டுகளில் ஒன்று அந்தச் சமரசத்தைப் பற்றியே இருந்தது. பொதுப்பணத்தில் வழக்கை நிறுத்திவைத்து, உண்மைகள் வெளியே வருவதைத் தள்ளிப்போட்டார், அதனால் வாக்காளர்கள் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் வாய்ப்பை இழந்தார்கள் என்பது அதன் சாரம்.

சட்டமன்றத்தின் மேலவையான செனட் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் நடந்த விசாரணையின் முடிவில், வாக்கெடுப்புக்கு விட்ட 16 குற்றச்சாட்டுகளிலும் பாக்ஸ்டன் விடுவிக்கப்பட்டார். மீதி நான்கும் கைவிடப்பட்டன. ஆகவே, "சட்டமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொன்னது" என்று யாராவது எழுதினால் அது தவறு. ஒரு அவை குற்றம் சாட்டியது, இன்னொரு அவை விடுவித்தது. இரண்டும் நடந்தன.

சமரசம் நிதி இல்லாமல் செத்ததும் வழக்கு மறுபடி உயிர் பெற்றது. 2024 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒரு திருப்பம் எடுத்தது. வழக்கின் உண்மைகளை இனி எதிர்க்கப் போவதில்லை, தீர்ப்பை ஏற்கத் தயார் என்றது. அப்புறம் மாநில உச்ச நீதிமன்றம், பாக்ஸ்டன் நேரில் சாட்சி சொல்லத் தேவையில்லை என்றது. மிச்சமிருந்தது தொகை மட்டும். 2025 ஏப்ரலில் டிராவிஸ் கவுன்டி நீதிபதி, இழந்த சம்பளம், மன உளைச்சல், வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் 11 லட்சத்திலிருந்து 21 லட்சம் வரை, மொத்தம் 66 லட்சம் டாலர் என்று தீர்ப்பளித்தார்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். 33 போய் 66 ஆனது, ஆகவே மறுத்ததால் 33 லட்சம் நஷ்டம். கணக்கு சரி. ஆனால் அது ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும்.

சமரசத்தை மறுப்பது ஒரு பில்லைத் திருப்பி அனுப்புவது போல இல்லை. கடன் இருந்தால் கடன் அப்படியே இருக்கும், வட்டியும் வழக்குச் செலவும் ஏறும். இதை எங்கள் கவுன்டி உறுப்பினர்களுக்கு நான் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒருமுறை, ஒரு சாலை விபத்து வழக்கில், நாங்கள் பரிந்துரைத்த தொகையை அவர்கள் தர மறுத்தார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, பெரிய காசோலையில் கை வைக்க யாருக்கும் மனமில்லை. ஜூரி கொடுத்தது நாங்கள் சொன்னதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொரு முறை வேறொரு வழக்கில் அவர்கள் மறுத்தார்கள், நான் உள்ளுக்குள் கோபப்பட்டேன், ஆனால் விசாரணையில் எதிர்த்தரப்பின் முக்கியச் சாட்சி பொய் சொன்னது வெளிவந்து நாங்கள் ஒரு டாலர்கூடக் கட்டாமல் ஜெயித்தோம். எந்த வழக்கு எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சமரசம் என்ற ஒன்றே உலகத்தில் தேவைப்படாது. முடிவு வந்த பிறகு, முடிவை வைத்து அன்றைய தீர்மானத்தை எடைபோடுவது சரியில்லை. அன்று கையில் என்ன தகவல் இருந்தது என்பதுதான் கேள்வி.

டெக்ஸாஸ் சட்டமன்றத்தின் கையில் அன்று தகவல் எதுவும் இல்லை. அவர்கள் எதிர்ப்பில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். எங்கள் கூட்டங்களில் உறுப்பினர்கள் கேட்கும் முதல் கேள்வி, தோற்க எவ்வளவு வாய்ப்பு, தோற்றால் எவ்வளவு ஆகும் என்பது. அதற்குப் பதில் சொல்ல சாட்சியம் வேண்டும், ஆவணம் வேண்டும். அது இல்லாமல் 33 லட்சம் என்பது எங்கிருந்து வந்தது? அதைவிட முக்கியமானது, பேரம் பேசிய ஆளும் யாருடைய நடத்தையைப் பற்றிய வழக்கோ அந்த ஆளும் ஒருவரே. சாதாரணமாக, ஒரு இலாகா மேல் வழக்கு வந்தால் அட்டர்னி ஜெனரல் தள்ளி நின்று பார்த்து, கட்டலாம், கட்ட வேண்டாம் என்று சொல்வார். அந்தத் தூரம்தான் வரி கட்டுகிறவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு. இங்கே அந்தத் தூரம் இல்லை. அலுவலகம் பொதுப்பணத்தில் வெளி வழக்கறிஞர்களை அமர்த்தியது உண்மை, ஆனால் அவர்களும் உத்தரவு வாங்குவது அதே அலுவலகத்திடம்தான். அப்படிப்பட்ட இடத்தில் பணப்பையை வைத்திருப்பவர் கதவைத் தட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் கடையில் பொருள் வாங்கும்போது கட்டும் விற்பனை வரியும் அந்தப் பையில்தான் விழுகிறது.

ஆனால் அதே அவர்கள் கேட்டுவிட்டு, தங்களுக்கே பதில் கிடைத்த பிறகும், நால்வருக்கும் ஒன்றும் செய்யாமல் கூட்டத்தொடரை முடித்தார்கள். இதை நான் குறையாகவே பார்க்கிறேன். விசாரணைக் குழு அந்த நால்வர் சொன்னதை நம்பியது. அவர்கள் சாட்சியத்தின் மேல்தான் இம்பீச்மென்ட்டே கட்டப்பட்டது. நம்பியவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டுக்கு ஒரு வழி வகுத்திருக்கலாம். எதிர்ப்பு பாக்ஸ்டனை நோக்கி எய்யப்பட்டது, ஆனால் அது முதலில் தைத்தது வேலையை இழந்து இரண்டரை வருடமாகக் காத்திருந்தவர்களை. சமரசங்களைப் பற்றிய சட்டமன்றப் பேச்சுகளில் எப்போதும் காணாமல் போகிறவர் இந்த எதிர்த்தரப்பு மனிதர்தான். வரி கட்டுகிறவர் ஒரு பக்கம், அதிகாரி இன்னொரு பக்கம் என்று வாதம் நடக்கும். பணம் யாருக்குச் சேர வேண்டுமோ அவர் வாசலில் நிற்பார்.

டெக்ஸாஸில் இது புதிதும் இல்லை. 1989-ல் மாநில சமூகநலத் துறையில் வேலை பார்த்த ஒரு கட்டடக் கலைஞர், கட்டுமானங்களில் நடக்கும் ஊழலைப் பற்றிப் புகார் சொன்னார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதோடு விடாமல், 13 சென்ட் மதிப்புள்ள ஒரு டெலிபோன் அழைப்பைக் காரணம் காட்டி அவர் மேல் கிரிமினல் குற்றச்சாட்டும் போட்டார்கள். 1991-ல் ஜூரி அவருக்கு 1.36 கோடி டாலர் கொடுத்தது. மேல்முறையீடுகளிலும் மாநிலம் தோற்றது. ஆனால் பணத்தை ஒதுக்க வேண்டியது சட்டமன்றம், அது ஒதுக்கவில்லை. கையில் தீர்ப்பு இருந்தும் அவரால் வசூலிக்க முடியவில்லை, ஏனென்றால் பணம் ஒதுக்கு என்று சட்டமன்றத்துக்கு நீதிமன்றம் உத்தரவு போட முடியாது. வட்டி ஏறிக்கொண்டே போய், கடைசியில் 1995-ல், ஜூரி சொன்ன தொகையை ஒட்டிய ஒரு தொகைக்குத்தான் விஷயம் முடிந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் விசில்ப்ளோயர் சட்டத்தைத் திருத்தி, மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் வைத்தது. ஆக, பாக்ஸ்டன் விவகாரத்தில் சட்டமன்றம் காட்டியது வெறும் கோபம் மட்டும் இல்லை. பணம் கொடுக்காமல் இருக்க முடியும் என்பது அந்த மாநிலத்தின் பழைய பழக்கம்.

ஃபுளோரிடாவில் இன்னும் கடினம். அரசின் தவறால் காயம்பட்டவருக்கு ஒருவருக்கு 2 லட்சம் டாலர், ஒரு சம்பவத்துக்கு 3 லட்சம் என்று பல வருடமாக வரம்பு. அதற்கு மேல் ஜூரி எவ்வளவு கொடுத்தாலும், அவருக்கென்று தனியாக ஒரு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டும். கனெக்டிகட்டில் 25 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சமரசங்கள் சட்டமன்றத்தின் முன் போக வேண்டும்.

இதற்கு நேர் எதிர் வாஷிங்டன், அதாவது பெடரல் அரசு. உங்கள் கேள்வியின் கீழே இன்னொருவர், "பெடரல் அரசு இதைவிடப் பெரிய தொகைகளைக் கொடுக்கிறதே, அங்கே காங்கிரஸ் ஏன் தடுக்கவில்லை?" என்று எழுதியிருந்தார். காரணம், நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ் அந்தச் சாவியை எப்போதோ கொடுத்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அரசிடம் பணம் வர வேண்டியவர்கள் ஒவ்வொருவரும் காங்கிரஸிடம் மனுப் போட்டு, தனித்தனி மசோதாவுக்காகக் காத்திருந்தார்கள். அது தாங்காமல் 1855-ல் தனி நீதிமன்றம் வைத்தார்கள். 1956-ல் ஜட்ஜ்மென்ட் ஃபண்ட் என்ற நிரந்தர ஒதுக்கீட்டை உண்டாக்கினார்கள். முதலில் 1 லட்சம் டாலர் வரையிலான தீர்ப்புகளுக்கு மட்டும். 1961-ல் அரசுக்காக வழக்காடும் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) செய்யும் சமரசங்களும் அதில் சேர்ந்தன. 1977-ல் தொகை வரம்பே போய்விட்டது. அன்றிலிருந்து, வேறு ஒதுக்கீடு இல்லாத வழக்குகளில் நீதித்துறை சமரசம் செய்து கருவூலத்துக்கு எழுதினால் பணம் போகும். வருடா வருடம் யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை.

அதனால் அங்கே எதிர்ப்பு எப்போதும் பணம் போன பிறகுதான் வருகிறது. 2016 ஜனவரியில் ஒபாமா அரசு ஈரானுடன் 170 கோடி டாலருக்கு ஒரு பழைய வழக்கை முடித்தது. ஈரானின் பழைய மன்னர் ஷாவின் காலத்தில் ஆயுதம் வாங்க ஈரான் கட்டிய 40 கோடி அசல், மீதி வட்டி. அந்த வட்டிதான் ஜட்ஜ்மென்ட் ஃபண்டிலிருந்து போனது. ஒவ்வொன்றும் 10 கோடிக்கு ஒரு சென்ட் குறைவாக 13 தவணை, அப்புறம் ஒரு சிறிய தவணை. அதே நாட்களில் ஈரானிலிருந்து அமெரிக்கக் கைதிகள் விடுதலையானதால், இது பிணைப்பணம் என்று குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில் இதைவிட அதிகமாகத் தோற்றிருப்போம் என்றது அரசு. செப்டம்பரில் காங்கிரஸின் பிரதிநிதிகள் அவை ஒரு மசோதாவையும் நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. 2025-ல் காட்சி திரும்பியது. 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடத்துக்குள் புகுந்தபோது அங்கே சுடப்பட்டு இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு டிரம்ப் அரசு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. சுட்ட அதிகாரி மேல் வழக்கு இல்லை என்று நீதித்துறை முன்பே முடிவு செய்திருந்த விஷயம் அது. இப்போது எதிர்த்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர்.

இந்த இரண்டு சமரசங்களும் நல்லவையா கெட்டவையா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தோற்கும் வாய்ப்பை எடைபோட்ட உள்குறிப்புகளைப் படிக்காமல் அதைச் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. ஆனால் எதிர்ப்பை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. பேசிய இரண்டு தரப்புக்கும் உண்மையிலேயே எதிரெதிர் நலன் இருந்ததா என்று பார்ப்பேன். ஈரானும் அமெரிக்காவும் ஒன்றுக்கொன்று சலுகை காட்டக் காரணம் இல்லை, அந்த வழக்கு 30 வருடத்துக்கு மேல் உண்மையாக நடந்த வழக்கு. அதில் எதிர்ப்பு, பணம் கொடுத்த நேரத்தையும் விதத்தையும் பற்றியது. அரசு தனக்கு வேண்டியவர்களோடு, அல்லது தன் தலைவரைக் காப்பாற்ற, பேரம் பேசும்போது எதிர்ப்பு வேறு கனம் பெறுகிறது, ஏனென்றால் மேசையின் இரண்டு பக்கமும் ஒரே திசையைப் பார்க்கின்றன. பாக்ஸ்டன் சமரசம் எனக்கு நடுவில் எங்கேயோ விழுகிறது. நால்வரும் அவருக்கு வேண்டியவர்கள் இல்லை, உண்மையான எதிரிகள். ஆனால் பேசி முடிப்பதில் அவருக்கு இருந்த லாபமும் மாநிலத்துக்கு இருந்த லாபமும் ஒன்று இல்லை.

எதிர்ப்பு பேச்சோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குச் சட்டம் வாக்களித்த பணத்தைக் காங்கிரஸ் பட்ஜெட்டில் தடுத்தது. அவர்கள் வழக்குப் போட்டபோது, ஜட்ஜ்மென்ட் ஃபண்டிலிருந்து சமரசம் செய்யக் கூடாது என்று உறுப்பினர்கள் சத்தம் போட்டார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அரசு கடன்பட்டிருக்கிறது என்றது. சம்பந்தப்பட்ட தொகை சுமார் 1,200 கோடி டாலர். வாக்குக் கொடுத்த சட்டத்தை ரத்து செய்யாமல் பணத்தை மட்டும் நிறுத்தினால் கடன் போய்விடாது.

சரி, கைக்காசு. பாக்ஸ்டன் வழக்கில் அது ஏன் நடக்கவில்லை என்பதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. டெக்ஸாஸ் விசில்ப்ளோயர் சட்டத்தின்படி வழக்கு வேலை கொடுத்த அரசு அமைப்பின் மேல்தான், தனி மனிதர் மேல் இல்லை. தவறாக வேலைநீக்கம் செய்த மேலதிகாரி சொந்தமாகக் கட்ட வேண்டியது அதிகபட்சம் 15,000 டாலர் அபராதம். அந்த அபராதத்தை வசூலிக்க வழக்குப் போடும் அதிகாரம் அட்டர்னி ஜெனரலுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அட்டர்னி ஜெனரலே அந்த மேலதிகாரியாக இருந்தால் என்ன செய்வது என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

அதை மாற்ற முடியுமா என்றால், முடியும். அதற்கும் டெக்ஸாஸ்காரர் ஒருவர்தான் காரணமாக இருந்தார். கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து காங்கிரஸுக்குப் போன பிளேக் ஃபாரன்தோல்ட் மேல் அவருடைய முன்னாள் ஊழியர் போட்ட பாலியல் தொல்லை வழக்கு 84,000 டாலருக்குச் சமரசம் ஆகி, பொதுப்பணத்திலிருந்து கட்டப்பட்டது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். விஷயம் 2017 டிசம்பரில் வெளியே வந்தபோது, திருப்பிக் கட்டுகிறேன் என்றார். 2018 ஏப்ரலில் பதவி விலகினார், பிறகு கட்டவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் தன் சொந்த விதியைத் திருத்தியது. பாலியல் தொல்லைக்கும் அதை ஒட்டிய பழிவாங்கலுக்கும் உறுப்பினர் காரணம் என்றால், கருவூலம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிடும், 90 நாளுக்குள் உறுப்பினர் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் சம்பளத்திலிருந்தும் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்தும் பிடிக்கலாம். பாதிக்கப்பட்டவர் சட்டமன்றத்தின் கோபம் தணியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. டெக்ஸாஸ் விசில்ப்ளோயர் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதுவதாக இருந்தால், மேலதிகாரியின் அபராதத்தைப் பற்றிய 554.008 என்ற பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.